வோ-லெ-விகோம்த் தோட்டத்தில் நுணுக்கங்களைப் படமெடுத்தல்

பாரிஸுக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது வோ-லெ-விகோம்த் மாளிகை. பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியின் நிதியமைச்சர் நிக்கோலா ஃபூக்கேக்காக இதன் தோட்டத்தை வகுத்தவர் ஆந்த்ரே லெ நோத்ர். 1661 ஆகஸ்ட் 17 அன்று ஃபூக்கே மன்னருக்கு இங்கே விருந்து வைத்தார், மறுமாதமே கைதானார். லெ நோத்ர் மன்னரின் வெர்சாய்த் தோட்டத்தை வகுக்கப் போனார்.

மாளிகைப் படியில் நின்று ஒரே பார்வையில் காண்பதற்கென வகுத்த தோட்டம் இது. தொலைவிலுள்ள குளம் பெரிதாக வெட்டப்பட்டிருப்பதால் கிட்டத்தில் இருப்பதுபோல் தெரியும். குறுக்கே ஓடும் கால்வாயோ கண்ணில் படவே படாது. இந்தக் கண்கட்டைப் படத்தில் பிடிக்க டெலிஃபோட்டோ லென்ஸ் உதவும் என்பார்கள். உண்மையில் தொலைவுகளின் விகிதத்தைத் தீர்மானிப்பது கேமரா நிற்கும் இடம்தான். லென்ஸ் அந்தக் காட்சியின் ஒரு துண்டைக் கத்தரித்துத் தருகிறது, அவ்வளவே. எனவே மாயம் வேண்டுமானால் படியிலேயே நின்று நீண்ட லென்ஸால் துண்டுகளை எடுக்க வேண்டும். இறங்கி நடந்தால் கணக்கு குலையும், கால்வாய் வெளிப்படும். அதுவும் நல்ல படம்தான்.

இத்தகைய தோட்டங்களில் தாழ வெட்டிய செடிகளால் தரையில் பூத்தையல் போல் வரைந்த பார்ட்டேர்களுக்கு வெளிச்சமே முக்கியம். உச்சி வெயிலில் அவை தட்டையாகிவிடும். காலையிலோ மாலையிலோ சாய்வாக விழும் ஒளி ஒவ்வொரு விளிம்புக்கும் ஒரு நிழல் கொடுத்து வடிவத்தை எழுப்பிக் காட்டும். கீழிருந்து எடுப்பதைவிட மாடியிலிருந்து எடுப்பதே மேல்.

இலைக்கும் பூவுக்கும் மேகமூட்டமான நாள் நல்லது. பளபளக்கும் இலைகளில் படியும் வெள்ளை மினுக்கத்தை போலரைசர் ஃபில்டர் குறைக்கும், பச்சை அடர்த்தியாகும். ஆனால் அது ஒளியில் பாதிக்கு மேல் விழுங்கும், குளத்தில் தெரியும் மாளிகையின் பிம்பத்தையும் அழித்துவிடக்கூடும். பிம்பம் வேண்டும்போது கழற்றிவிடலாம்.

மிக அருகில் எடுக்கையில் கூர்மையாகத் தெரியும் ஆழம் சில மில்லிமீட்டராகச் சுருங்கும். லென்ஸின் துளையை எஃப்/11 வரை சிறிதாக்கினால் அது கூடும். அதற்கும் மேல் போனால் ஒளி விளிம்பில் சிதறி படம் மங்கத் தொடங்கும். கேமராவை இலைப்பரப்புக்கு இணையாகப் பிடிப்பது அதைவிடப் பயன் தரும். காற்று வீசினால் விநாடியில் 500இல் ஒரு பங்கு வேகம் தேவை.

வெள்ளைக் கல் சிலையைச் சட்டகம் நிரம்ப எடுத்தால் ஒளிமானி ஏமாறி, கல்லைச் சாம்பல் நிறமாக்கிவிடும். ஒளியளவை ஒரு ஸ்டாப் கூட்டி, அதாவது இருமடங்காக்கி எடுத்தால் வெண்மை திரும்பும். இருண்ட புதர்ப் பின்னணியில் சிறு சிலை நின்றால் இதற்கு நேர்மாறு: குறைக்க வேண்டும்.