தொட்டில் முதல் பள்ளி வரை – 9: எத்தனை மில்லி அல்ல, எத்தனை யூனிட்?

அரியலூர் மாவட்டத்து விக்கிரமங்கலத்தில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. ‘இத்தனை வெயில் இருக்கும்போது பிள்ளைக்கு எதற்கு வைட்டமின் டி சொட்டு மருந்து?’ என்று ஒரு பாட்டி கேட்டால், அது நியாயமான கேள்விதான்.

தோலில் வைட்டமின் டி-யை உண்டாக்குவது புற ஊதா ‘பி’ கதிர். விடிந்தவுடன் காட்டும் இளவெயிலில் அது மிகக் குறைவு. நம் நிழல் நம் உயரத்தைவிடக் குட்டையாகும் நேரத்தில்தான் போதுமான அளவு கிடைக்கும். அந்த வெயிலில் கைக்குழந்தையைக் கிடத்த முடியாது. தாய்ப்பால் ஈடில்லாத உணவு என்றாலும் அதில் இந்தச் சத்து சொற்பம். ஆகவே முதல் ஒரு வயதுவரை தினமும் 400 யூனிட் கொடுக்கச் சொல்கிறார்கள் இந்தியக் குழந்தை மருத்துவர்கள். ஒரு வயதைத் தாண்டிய பிள்ளைக்கு உணவு, வெயில் எல்லாம் சேர்த்து நாளொன்றுக்கு 400 முதல் 600 யூனிட் தேவை. பற்றாக்குறை நீடித்தால் எலும்பு மென்மையாகிக் கால் வளையும், அதுதான் ரிக்கெட்ஸ்.

குறைந்தால் கெடுதல் என்றதும் கூடுதலாகக் கொடுத்துவிடத் தோன்றும். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. வெயில் அதிகமானாலும் தோல் உபரியை வேறு பொருளாக மாற்றிவிடும். வாய்வழி போகும் மருந்துக்கு அப்படி ஒரு தடுப்பு இல்லை. அது கொழுப்பில் சேர்ந்து வாரக்கணக்கில் தங்கும். ரத்தத்தில் கால்சியம் ஏறும். பசியின்மை, வாந்தி, மலச்சிக்கல், தீராத தாகம், அடிக்கடி சிறுநீர், எடை ஏறாமை என்று அறிகுறிகள் வரும். முற்றினால் சிறுநீரகத்தில் கால்சியம் படியும்.

1950-களில் பிரிட்டனில் இது நடந்தது. பால் மாவு, குழந்தை உணவு, மீன் எண்ணெய் எல்லாவற்றிலும் வைட்டமின் டி இருந்தது. ஒவ்வொன்றும் நல்லதற்கே கொடுக்கப்பட்டது; கூட்டுத்தொகைதான் எல்லை மீறியது. பல குழந்தைகளுக்குக் கால்சியம் ஏறியது. 1957-ல் சேர்க்கும் அளவைக் குறைத்தார்கள். இந்தச் சத்தைச் சிதைக்கும் திறன் பிறவியிலேயே குறைந்த குழந்தைகளும் உண்டு என்பது 2011-ல் தெரிந்தது. மூத்த பிள்ளைக்கு ஒத்துக்கொண்டது என்பது இளையதற்கு உத்தரவாதம் ஆகாது.

நம் மருந்துக்கடைகளில் ஒரு மில்லியில் 400 யூனிட் உள்ள சொட்டு மருந்தும் உண்டு, 800 யூனிட் உள்ளதும் உண்டு. முதலாவதில் ஒரு மில்லி, இரண்டாவதில் அரை மில்லி கொடுத்தால் 400 யூனிட். 5 மில்லி குப்பியில் 60,000 யூனிட் அடைத்தும் விற்கிறார்கள். அது 400 யூனிட் கணக்கில் 150 நாள் அளவு! தினசரி மருந்து என்று நினைத்து அதில் ஒரு மில்லி கொடுத்தாலே 12,000 யூனிட் போய்விடும். பிறந்து ஆறு மாதம்வரை 1,000, பன்னிரண்டு மாதம்வரை 1,500, மூன்று வயதுவரை 2,500 யூனிட். மருத்துவர் கண்காணிப்பு இல்லாமல் ஒரு நாளில் தாண்டக்கூடாத உச்சவரம்பு இது. ரிக்கெட்ஸ் வந்த குழந்தைக்கு மருத்துவர் இதைவிட அதிகம் எழுதலாம். அது சிகிச்சை, குறித்த நாளோடு நிறுத்த வேண்டும்.

மருந்து வாங்கும்போது ‘ஒரு மில்லியில் எத்தனை யூனிட்?’ என்று கேளுங்கள். கடைக்காரர் வேறு கம்பெனி மருந்து கொடுத்தால் திரும்பக் கேளுங்கள். அந்தப் பெட்டியில் வந்த டிராப்பரால் மட்டும் அளந்து கொடுங்கள். பால் மாவு, சத்து டானிக், கால்சியம் சிரப் எது கொடுத்தாலும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அவற்றிலும் வைட்டமின் டி இருக்கும். கூடுதலாகக் கொடுத்துவிட்டதாகச் சந்தேகம் வந்தால் அறிகுறிக்குக் காத்திருக்காமல், பாட்டிலையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

(அடுத்த வாரம்: இரும்புச்சத்து சொட்டு மருந்து)