அப்பாவோட சுகர் பட்ஜெட்ல விட்டுப்போன ஒரு ஐட்டம்



தூத்துக்குடி பக்கம் பல வீடுகளில் இது மாசாமாசம் நடக்கிற விஷயம். பிள்ளைங்க சென்னையிலோ பெங்களூரிலோ வேலை பார்ப்பாங்க. சம்பளம் வந்ததும், துறைமுகத்திலோ உப்பளத்திலோ உழைச்ச அப்பாவோட சுகர் செலவுக்குப் பணம் போயிடும். மாத்திரை, டெஸ்ட், டாக்டர் ஃபீஸ் எல்லாத்துக்கும் பட்ஜெட் உண்டு. சுகரை எப்படிச் சமாளிக்கணும்னு கத்துக்கறதுக்கு மட்டும் பட்ஜெட் இல்லை.

ஐசிஎம்ஆர்-இந்தியாப் ஆய்வு (2023) கணக்குப்படி, தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4% பேருக்குச் சர்க்கரை நோய். அதாவது ஏழு பேரில் ஒருத்தர்.

8,759 மணி நேரம் யார் கையில்?

வருஷத்துக்கு 8,760 மணி நேரம். மூணு மாசத்துக்கு ஒருமுறை கால் மணி நேரம் டாக்டரைப் பார்த்தா, மொத்தம் 1 மணி நேரம். மீதி 8,759 மணி நேரமும் முடிவெடுக்கறது அப்பாவும் அம்மாவும்தான். பயிற்சியே கொடுக்காம ஒருத்தர்கிட்ட கல்லாவை ஒப்படைப்போமா?

கத்துக்க வேண்டிய மூணு விஷயம்

1. ரிப்போர்ட் படிக்கறது: ஃபாஸ்டிங் சுகர்ங்கறது இன்னைக்கு இருக்கிற பேங்க் பேலன்ஸ் மாதிரி. ஹெச்பிஏ1சி ரெண்டு மூணு மாசத்தோட சராசரி பேலன்ஸ். டெஸ்டுக்கு முந்தின ரெண்டு நாள் மட்டும் பத்தியம் இருந்து சராசரியை ஏமாத்த முடியாது.

2. லோ சுகர்: இன்சுலினோ சில வகை மாத்திரைகளோ எடுக்கறவங்களுக்கு, நைட் ஷிஃப்ட்ல சாப்பாடு தள்ளிப்போனா இது வரலாம். 70-க்குக் கீழே போனா 15 கிராம் சர்க்கரை, அதாவது சுமார் 3 டீஸ்பூன். 15 நிமிஷம் கழிச்சு மறுபடி டெஸ்ட். ஏறலைன்னா திரும்பவும் அதே அளவு. நினைவு தப்பிட்டா வாயில் எதுவும் ஊத்தாம உடனே ஆஸ்பத்திரி.

3. கால்: நரம்பு மரத்துப்போனா சூடும் தெரியாது, காயமும் தெரியாது. வெறுங்காலோட உப்பளத்திலும் கடற்கரை மணலிலும் நடந்து பழகினவங்களுக்கு இது பெரிய ஆபத்து. தினமும் ராத்திரி பாதத்தையும் விரலிடுக்கையும் பார்க்கணும். சென்னை ராயபுரம் எம்.வி. நீரிழிவு மருத்துவமனை 2005-ல் வெளியிட்ட ஆய்வில், சொல்லிக்கொடுத்த பாதப் பராமரிப்பை ஒழுங்காகக் கடைப்பிடிச்சவங்களுக்குப் புண் நல்லா ஆறியது. அறுவை சிகிச்சையும் குறைவாகவே தேவைப்பட்டது.

இங்கேயும் கூட்டு வட்டி உண்டு

பிரிட்டனில் 1977-ல் தொடங்கிய யுகேபிடிஎஸ் ஆய்வில், நோய் தெரிஞ்ச ஆரம்பத்திலேயே ஒரு குழுவுக்குச் சர்க்கரையை மருந்து மூலம் தீவிரமாகக் கட்டுப்படுத்தினாங்க. ஆய்வு முடிஞ்ச ஒரே வருஷத்தில் ரெண்டு குழுவுக்கும் சர்க்கரை அளவு ஒண்ணாயிடுச்சு. ஆனாலும் 10 வருஷம் கழிச்சுப் பார்த்தப்போ, முன்னாடியே கட்டுப்படுத்தினவங்களுக்கு நுண் ரத்தக்குழாய் பாதிப்பும் மாரடைப்பும் குறைவு. 25 வயசுல எஸ்ஐபி ஆரம்பிக்கச் சொல்றோமே, அதே லாஜிக். சீக்கிரம் கத்துக்கிட்டாதான் சீக்கிரம் கட்டுப்படுத்த முடியும்.

இன்சூரன்ஸ் இருக்கேன்னு நினைக்கறீங்களா?

பெரும்பாலான பாலிசிகள் அட்மிட் ஆனாதான் காசு தரும். ஸ்ட்ரிப், மாத்திரை, டாக்டர் ஃபீஸ் பெரும்பாலும் நம்ம பாக்கெட்தான். புதுசா பாலிசி எடுத்தா, ஏற்கெனவே இருக்கிற சுகருக்கு 36 மாசம் வரை காத்திருக்க வேண்டி வரலாம். கம்பெனி குரூப் பாலிசி வேலையை விட்டதும் முடிஞ்சிடும். பழைய வரி முறையில் இருக்கறவங்களுக்கு, நாம 80டி-ன்னு பழகின கழிவில், அதோட உச்சவரம்புக்குள்ளேயே, பெற்றோரையும் சேர்த்து ஹெல்த் செக்கப்புக்கு மொத்தம் 5,000 ரூபாய் வரை காட்டலாம். பணமாகக் கொடுத்திருந்தாலும் செல்லும்.

இந்த மாசமே செய்யுங்க

- அப்பாவோட கடைசி ரெண்டு ஹெச்பிஏ1சி ரிப்போர்ட்டைத் தேடி எடுத்து, தேதியோட எழுதி வையுங்க.
- அடுத்த டாக்டர் விசிட்டில் வீடியோ காலிலாவது கூட இருங்க. "டயட்டீஷியன், டயாபடீஸ் எஜுகேட்டர் இருக்காங்களா?"ன்னு கேளுங்க.
- மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருதுன்னா, மிச்சமாகிற பணத்தில் குளுக்கோமீட்டர் ஸ்ட்ரிப் வாங்கிக் கொடுங்க.
- மாத்திரை அளவை நீங்களா மாத்தாதீங்க. அது டாக்டர் வேலை.

மாத்திரைக் காசு அனுப்பறது நல்ல பிள்ளைக்கு அழகுதான். கூடவே ஞாயித்துக்கிழமை ஒரு அரை மணி நேரம் அப்பாவோட உக்காந்து அந்த ரிப்போர்ட்டைப் படிங்க. அப்பாவோட கண்ணும் காலும் கிட்னியும் எந்த எஃப்டி போட்டாலும் திரும்ப வராது.