அரசாங்கத்தின் பசுமைத் திட்டங்களும் நம் சங்கங்களும்

2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அம்மாவட்டத்தின் ஓராண்டு மழையையும் விஞ்சிய அளவு அது. தாமிரபரணி கரைபுரண்டு, ஏரல், ஸ்ரீவைகுண்டம் பகுதிகளில் வாழைத் தோட்டங்கள் வெள்ளத்தில் மூழ்கின. அதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன், 2018 நவம்பர் 16 அன்று, கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரங்களில் பல்லாண்டு பாடுபட்டு வளர்த்த தென்னைகளை ஒரே இரவில் சாய்த்தது. நெசவாளிக்கோ அடைமழை என்றால் தறிக்குழியில் நீரூற்று, கஞ்சியிட்ட பாவு காயாது, கூலியும் நின்றுவிடும். பருவம் முறை தவறுவதை நம் அங்கத்தினர்களுக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. இதன்பொருட்டு மாநில அரசாங்கம் செய்துவருவது யாது, அதில் நமக்குள்ள பங்கு யாது என்பதையே இங்கு ஆராய விரும்புகிறோம்.

2022 செப்டம்பரில் பசுமைத் தமிழ்நாடு இயக்கமும், அவ்வாண்டு டிசம்பரில் காலநிலை மாற்ற இயக்கமும் தொடங்கப்பெற்றன. மாநிலப் பரப்பில் அப்போது 23.7 சதவீதமாக இருந்த காடும் மரச்செறிவும் பத்தாண்டுகளில் 33 சதவீதமாக வேண்டும் என்பது முன்னதன் குறிக்கோள். காட்டு நிலத்தை நினைத்தவாறு பெருக்க இயலாது. ஆகவே புதிய மரங்களில் பெரும்பங்கு உழவர்களின் வரப்புகளிலும் தரிசுகளிலும்தான் வளரவேண்டும். இதைச் சொல்லும்போது, வரப்பு மரத்தின் நிழலால் விளைச்சல் குறையுமே என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். எந்த மரம், எந்தத் திசை வரப்பில், எவ்வளவு இடைவெளியில் என்பதை அறியாமல் கன்றுகளை வாங்கி ஊன்றிவிடுவது நன்றன்று.

நெசவாளிகளை நேரே தொடுவது மஞ்சள் பை இயக்கம். ஒரு தடவை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களை 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாடு அரசாங்கம் தடை செய்தது. பின்னர் 2021 டிசம்பர் 23 அன்று ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கிற்று. பத்து ரூபாய் இட்டால் துணிப்பை தரும் இயந்திரங்கள் கோயம்பேடு அங்காடி முதலிய இடங்களில் நிறுவப்பட்டன. மஞ்சள் பையுடன் பட்டணம் வந்தவனை ஒரு காலத்தில் நாட்டுப்புறத்தான் என்று நகைத்தார்கள். இப்பொழுது அரசாங்கமே அப்பையைக் கையில் கொடுக்கிறது! நமக்கு மகிழ்ச்சியே. ஆயினும் ஒன்று சொல்லவேண்டும். துணிப்பை என்ற பெயரில் கடைகளில் தொங்குவனவற்றுள் பல, நூலால் நெய்தவை அல்ல. பாலிப்ரொப்பிலீன் என்னும் பிளாஸ்டிக் இழைகளை வெப்பத்தால் ஒட்டிச் செய்தவை. பார்வைக்குத் துணி, ஆனால் பாவும் இல்லை, ஊடையும் இல்லை. இந்த நெய்யாப் பைகளும் தடைப்பட்டியலில் உள்ளவையே. அப்படியிருந்தும் சந்தையில் தாராளமாக நடமாடுகின்றன. வாங்குபவர் சோதிப்பது எளிது. விளிம்பில் ஒரு நூலை விரலால் பிரித்துப் பார்த்தால் போதும். ஐயம் தீராவிடில் ஒரு துணுக்கை நெருப்பில் காட்டலாம்; பருத்தி காகிதம்போல் எரிந்து சாம்பலாகும், மற்றது உருகிச் சுருளும்.

பத்து ரூபாய்ப் பைக்குக் கைத்தறித் துணி கட்டுப்படியாகாது என்பதையும் மறைப்பதற்கில்லை. அந்தச் சந்தை விசைத்தறிக்கு உரியது. கைத்தறிச் சங்கங்கள் அதன்பின் ஓடாமல், தம்மிடம் தேங்கும் துண்டுத் துணிகளைப் பைகளாகத் தைக்கக் கொடுத்து, கூட்டுறவுப் பண்டகசாலைகளில் விற்பதே தக்கது. ஒரு சங்கத்தின் சரக்கை இன்னொரு சங்கம் வாங்காவிடில் வேறு யார் வாங்குவார்?

மின்சாரத்துக்கு வருவோம். 1932இல் பைக்காரா நீர்மின்சாரம் வந்தபின்னரே கோயம்புத்தூரில் பஞ்சாலைகள் பெருகின. ஆகவே புகையில்லா மின்சாரம் நமக்குப் புதிதன்று. 1986இல் தூத்துக்குடிப் பகுதியில் சிறு அளவில் தொடங்கிய காற்றாலைகள், ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காட்டுக் கணவாய்களின் காற்றை வாங்கி இன்று 10,000 மெகாவாட்டுக்கு மேற்பட்ட திறன் பெற்றுள்ளன. காற்று மே முதல் அக்டோபர் வரை வீசும், பிறகு தளர்ந்துவிடும். கதிரவனோ விளக்கேற்றும் வேளையில் இல்லை. எனவே மின்சாரம் மிகுந்த நேரத்தில் நீரை மேல் அணைக்கு ஏற்றி, தேவையான நேரத்தில் இறக்கும் முறை வகுக்கப்பட்டது. நீலகிரியில் குந்தாவில் மேற்கொண்ட 500 மெகாவாட் திட்டம் இவ்வகைப்பட்டதே. 2023இல் கட்டணமில்லா மின்சாரத்தின் அளவு இரு மாதங்களுக்குக் கைத்தறிக்கு 300 யூனிட்டாகவும் விசைத்தறிக்கு 1,000 யூனிட்டாகவும் உயர்த்தப்பட்டது. அதன் செலவை அரசாங்கம் மானியமாக ஈடு செய்கிறது. மின்சாரம் மலிவாகக் கிடைத்தால்தான் இச்சலுகை நீடிக்கும். காற்றாலையின் கதை தறியின் கதையும் ஆவது இவ்வாறுதான்.

கடற்கரையில் நடைபெறும் பணியில் பிச்சாவரத்துச் சதுப்புக் காடு நல்ல பாடம். முற்காலத்தில் கூறு கூறாக மரங்களை அடியோடு வெட்டியதால் மண் உலர்ந்து தாழ்ந்து தொட்டிபோலாயிற்று. உட்புகுந்த கடல்நீர் வெளியேறாமல் தேங்கி உப்பு ஏறியது, கன்றுகள் பிழைக்கவில்லை. மீன் முள்ளின் வடிவில் கால்வாய்கள் வெட்டி ஓதநீர் வந்துபோக வழிசெய்த பிறகே சுரபுன்னையும் கண்டலும் வேரூன்றின. வனத்துறையும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் ஊராருடன் கூடிச் செய்த பணி இது. 2004 சுனாமியில் காட்டின் மறைவில் இருந்த குடியிருப்புகளுக்குச் சேதம் குறைவாயிருந்ததை ஆராய்ச்சியாளர்கள் பதிவு செய்துள்ளனர். முத்துப்பேட்டையிலும் இம்முறையே கையாளப்பட்டது.

உழவர்களுக்குச் சூரிய சக்தி பம்புசெட் மானியம் உண்டு. பொதுவாக விலையில் 60 சதவீதமும், ஆதிதிராவிடர், பழங்குடியினரான சிறு, குறு விவசாயிகளுக்கு 70 சதவீதமும் கிடைக்கும் வகையில் மத்திய, மாநில அரசாங்கங்கள் இத்திட்டத்தை வகுத்தன. இதில் எமக்கு ஓர் அச்சமும் உண்டு. வெயில் உள்ளவரை செலவின்றி நீர் இறைக்கலாம் என்றால், கிணற்றின் அடிமட்டம் வரை இறைக்கும் ஆசை எழும். நிலத்தடி நீர் வற்றிய வட்டாரங்களில் சொட்டுநீர்ப் பாசனத்துடன் சேர்த்தே பம்பை வைப்பது முறை. அதற்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு முழு மானியமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் அளிக்க ஏற்பாடு உள்ளது. பம்புக்கு வேளாண்மைப் பொறியியல் துறை, சொட்டுநீருக்கு வேளாண்மை அல்லது தோட்டக்கலைத் துறை என்று உழவர் இரு அலுவலகங்களுக்கு நடக்கவேண்டியிருக்கிறது. சிட்டா, அடங்கல், சிறு விவசாயிச் சான்று முதலியவற்றைச் சங்கக் காரியதரிசியே அங்கத்தினர்களிடம் திரட்டி, இரு விண்ணப்பங்களையும் ஒருங்கே அனுப்பினால், அறுவடை வேலை நடக்கும் நாட்களில் பலருடைய அலைச்சல் மிச்சமாகும்.