சார்ஜ் எங்கே போகிறது?

எமது கிராமங்களில் கைத்தொலைபேசியை ஆடம்பரப் பொருளாகக் கருதிய காலம் போய்விட்டது. கரையில் மீன் என்ன விலை போகிறது என்று கேட்பதற்கும், வெளிநாட்டில் வேலை செய்யும் பிள்ளையோடு கதைப்பதற்கும், நள்ளிரவில் ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தால் 1990 இலக்கத்துக்கு அழைத்து நோயாளர் காவு வண்டியைக் கூப்பிடுவதற்கும் அதுவே கையிலிருக்கிறது. அந்தப் போன் காலையில் நிறைந்திருந்து மத்தியானத்துக்குள் வெறுமையாகிவிட்டால், கடைக்காரர் தொடக்கம் அயலவர் வரை சொல்வது ஒன்றுதான்: “பற்றரி போயிட்டுது, மாத்துங்கோ.” சில ஆயிரம் ரூபா செலவாகிறது. பல வேளைகளில் செலவழித்த பின்பும் குறை தீர்வதில்லை.

மாந்தை மேற்கில், பிரதான வீதியிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஒரு கிராமத்தில் கோழி வளர்த்துக் குடும்பத்தை நடத்தும் ஒரு தாய் இப்படித்தான் அவதிப்பட்டார். காலை ஆறு மணிக்கு நிறைந்த போன் பிற்பகல் இரண்டு மணிக்கு அணைந்துவிடும். நகரத்துக் கடையொன்றில் புதிய பற்றரி போட்டார், மாற்றமில்லை. அடுத்ததாகப் புதிய போன் வாங்குவதற்குச் சீட்டுப் பிடிக்க நினைத்திருந்தார். நாம் அவரிடம் கேட்டது ஒரு கேள்விதான்: வேறு ஊரில் தங்கிய நாட்களில் போன் எப்படி இருந்தது? அவர் சற்று யோசித்தார். “மன்னார் ரவுணில தங்கச்சி வீட்ட நிண்டனான் பாதர். அங்க ரெண்டு நாளைக்கு ஒருக்காத்தான் சார்ஜ் போட்டனான்.”

அதே போன், அதே பற்றரி, அதே கை. மாறியது இடம் மட்டுமே.

கைத்தொலைபேசி என்பது ஒரு சிறிய வானொலி நிலையம். கோபுரம் அருகிலிருந்தால் அது மெல்லப் பேசும். தூரத்திலிருந்தால் சத்தமிட வேண்டும். பழைய 2ஜி முறையில் ஒரு போன் கோபுரத்துக்கு அருகில் ஒரு வாட்டின் ஆயிரத்தில் சில பங்கு வலுவோடு பேசிக்கொள்ளும். தூரத்திலிருந்தால் 2 வாட் வரை ஏறும். 4ஜியில் இந்த உச்ச அளவு ஏறக்குறைய 0.2 வாட். சிக்னல் முற்றாக இல்லாத இடத்தில் போன் ஓய்வெடுப்பதுமில்லை. காணாமற்போன கன்றைத் தேடும் பசுவைப் போல, கோபுரத்தைத் திரும்பத் திரும்பத் தேடிக்கொண்டேயிருக்கும். ஒற்றைக் கோடு சிக்னலில் 4ஜிக்கும் 2ஜிக்கும் இடையே தாவிக்கொண்டிருக்கும் போனின் நிலையும் அதுவே. இரண்டு சிம் போட்டிருந்தால் தேடுவதும் இருவர். பணம் போடாமல் விட்ட இரண்டாவது சிம்மைக் கழற்றி வைப்பது நன்று.

எனவே பற்றரிக்குப் பணம் கொடுக்குமுன் இரண்டு இரவுகள் செலவழியுங்கள். இதற்கு ஒரு சதமும் வேண்டாம். முதல் இரவு படுக்கைக்குப் போகும்போது போனை விமானப் பயண நிலையில் வைத்து, திரையில் காட்டும் வீதத்தைக் கொப்பியில் குறித்து வையுங்கள். விடிந்ததும் மறுபடி பாருங்கள். அடுத்த இரவு, அதே இடத்தில், விமானப் பயண நிலை இல்லாமல் அவ்வாறே செய்யுங்கள். முதல் இரவில் ஓரிரு வீதம் மட்டும் இறங்கி, இரண்டாம் இரவில் இருபது, முப்பது என இறங்கினால் பற்றரி நல்ல சுகத்தோடிருக்கிறது. சிக்னலோ இணையமோதான் அதை உறிஞ்சுகிறது. இரண்டு இரவுகளிலும் ஒரே மாதிரி மளமளவென்று இறங்கினால், அல்லது 40 வீதம் காட்டிய போன் திடீரென 10க்கு விழுந்து அணைந்தால், பற்றரியைச் சந்தேகிக்கலாம்.

இரண்டாம் இரவில் மட்டும் இறங்கினால் பார்க்க வேண்டியவை சில உண்டு. செற்றிங்ஸில் பற்றரி என்ற பகுதியைத் திறந்தால் எந்தச் செயலி எவ்வளவு தின்றது எனப் பட்டியல் வரும். திரை முன்னணியில் நிற்பது வழமை. நீங்கள் திறந்தே பார்க்காத ஏதோவொன்று மேலே நின்றால் அதை அகற்றிவிடுங்கள். பற்றரியைச் சேமித்துத் தருவதாகச் சொல்லி விளம்பரத்தோடு வரும் இலவசச் செயலிகளும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவைதான் என்பது எமது அபிப்பிராயம். செயலியில் குற்றமில்லையென்றால் வீட்டில் சிக்னல் கூடுதலாகக் கிடைக்கும் மூலையைத் தேடிப் போனை அங்கே வையுங்கள். அயலவரின் வேறு நிறுவனச் சிம்மை ஒரு நாள் போட்டுப் பாருங்கள். வலையமைப்பைத் தானாகத் தெரிவுசெய்ய விடாமல் ஒரே வகையில் நிறுத்தியும் பார்க்கலாம். ஆனால் அதன் பின் அழைப்பு வருகிறதா என்று இன்னொரு போனிலிருந்து சோதிப்பது கட்டாயம்.

கடற்றொழிலாளர் கவனிக்க வேண்டியது வேறு. 2ஜி கோபுரத்தின் வழமையான எல்லை அதிகபட்சம் 35 கிலோமீற்றர். அதற்கப்பால் இரவு முழுவதும் தேடித் தேடிப் போன் செத்துவிடும். கரை மறைந்ததும் விமானப் பயண நிலையில் வைத்தால், திரும்பி வரும்போது வாடிக்குச் சொல்லச் சார்ஜ் மிஞ்சும். பெரும்பாலான போன்களில் ஜி.பி.எஸ். அந்நிலையிலும் இயங்கும். கடலில் ஆபத்துக்கு உதவும் வானொலிக் கருவிக்குப் போன் ஈடாகாது என்பதையும் சொல்லி வைக்கிறோம்.

பற்றரி உண்மையிலேயே கிழடாவதும் உண்டு. இன்றைய போன்களிலுள்ள லிதியம் அயன் பற்றரி 1991இல் சோனி நிறுவனத்தால் சந்தைக்கு வந்தது. 300 முதல் 500 தடவை முழுமையாக நிறைத்து வெறுமையாக்கினால் அதன் கொள்ளளவு சுமார் ஐந்திலொரு பங்கு குறைவது சாதாரணம். முற்றாக இறங்கவிட்டுத்தான் சார்ஜ் போட வேண்டும் என்பது பழைய நிக்கல் கட்மியம் பற்றரிக்குரிய புத்திமதி, இதற்குப் பொருந்தாது. இதன் பெரிய எதிரி வெப்பம். முச்சக்கர வண்டியின் முன்தட்டில், தகரக் கூரைக்குக் கீழே, தலையணைக்கு அடியில் வைத்துச் சார்ஜ் போடுவதெல்லாம் அதன் ஆயுளைக் குறைக்கும். வாங்கும்போது, பழைய பற்றரியின் அதே பருமனில் இருமடங்கு மில்லி அம்பியர் மணி பொறித்திருந்தால் நம்ப வேண்டாம். வீங்கிய பற்றரியை உடனே பாவனையிலிருந்து நிறுத்துங்கள். குத்தவோ அடுப்பில் போடவோ கூடாது, தீப்பிடிக்கும்.

2022இல் நீண்ட மின்வெட்டு நடந்தபோதும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் அடித்தபோதும் இந்தக் கணக்கு வேறு முகம் காட்டியது. கோபுரங்களும் மின்சாரத்தில்தான் நிற்கின்றன. கறண்ட் நின்று, அவற்றின் சேமிப்புப் பற்றரியும் முடிந்தால் சிக்னல் போகும். சார்ஜ் போட வழியில்லாத அதே நேரத்தில் ஊரிலுள்ள போன்களெல்லாம் கோபுரம் தேடித் தம்மைத் தாமே தின்னத் தொடங்கும். ஆகவே மாரி தொடங்குமுன் வீட்டாரோடு பேசி நேரம் குறித்துக்கொள்ளுங்கள். வெள்ளத்தில் பிரிய நேர்ந்தால் ஒவ்வொரு மணி நேரத் தொடக்கத்திலும் ஐந்து நிமிடம் மட்டும் போனை விமானப் பயண நிலையிலிருந்து எடுப்பது. அழைப்பு எடுபடாவிட்டால் இருக்கும் இடத்தைக் குறுஞ்செய்தியாக அனுப்புவது. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117ஐயும் உறவினர் இருவரின் இலக்கங்களையும் ஒரு கடதாசியில் எழுதி, பொலித்தீனில் சுற்றி, அடையாள அட்டையோடு வைத்திருங்கள்.