திருவாதிரை நோன்பும் கிழங்கு உணவும்

மார்கழித் திங்களில் வரும் திருவாதிரைப் பண்டிகை பாலக்காட்டுப் பகுதியில் இருவகை உணவுகளால் சிறப்புறுகிறது. தமிழ்க் குடும்பங்கள் வாழும் அக்கிரகாரங்களில் அரிசியையும் பருப்பையும் வறுத்து உடைத்து, வெல்லப் பாகில் களி கிளறுகின்றனர். அடுத்த வீதியில் வாழும் மலையாளப் பெண்டிரோ அன்று அரிசியைத் தொடுவதே இல்லை. சாமைச் சோறு, கோதுமை, கூவைமாவு, கிழங்குப் புழுக்கு ஆகியவையே அவர்களது நோன்பு உணவு. இவற்றைச் சமைக்கும் முறையில் அடங்கியுள்ள ரசாயன அறிவு நம் கவனத்திற்கு உரியது.

முதலில் பருவத்தைக் கருதுவோம். சேனை, பெருவள்ளி, சிறுகிழங்கு, கூவை ஆகியவை பருவமழையில் வளர்ந்து, இலை வாடி, ஏறக்குறைய டிசம்பர், ஜனவரி மாதங்களில் தோண்டப்படுகின்றன. ஆகவே நோன்பு நாளில் அடுப்பேறுவது புதிதாக வெட்டியெடுத்த கிழங்கே. சாமையோ அட்டப்பாடி மலைகளில் பழங்குடி மக்கள் நெடுங்காலமாகப் பயிரிட்டு வருவது.

முந்தைய நாளாகிய மிருகசீரிடத்தன்று மாலையில் கிழங்குகளைத் தணலில் சுட்டு நறுக்கி, வெல்லப் பாகு, தேங்காய், கரும்பு, பழம் முதலியவற்றோடு கலப்பர். இதற்கு எட்டங்காடி என்று பெயர். இடுக்கி மாவட்டத்தில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய மறையூர், காந்தலூர்ப் பகுதிகளில் கையால் உருட்டப்படும் வெல்லத்திற்கு 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. நல்ல வெல்லந்தான், எனினும் வெல்லத்தின் பெரும்பகுதி சர்க்கரையே. சீனியைவிட இது நீரிழிவுக்கு உகந்தது என்று கருதுவது வெறும் நம்பிக்கை.

மறுநாள் புழுக்கில் முதன்மை பெறுவது சேனை. அதை நறுக்குவோர் கை அரிப்பதும், அரைவேக்காட்டில் உண்போர் தொண்டை கரகரப்பதும் யாவரும் அறிந்ததே. கிழங்கின் திசுக்களில் கால்சியம் ஆக்ஸலேட் ஊசி வடிவப் படிகங்களாக அமைந்திருக்கிறது. இவ்வூசிகள் தோலில் துளையிடுவதும், அவற்றோடு சேர்ந்துள்ள புரதப் பொருள்கள் உள்ளே செல்வதும் அரிப்புக்குக் காரணம் என ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். கையில் எண்ணெய் தடவிக்கொள்வதும், புளி அல்லது மோர் கலந்த நீரில் ஊற வைப்பதும், நன்கு வேக வைப்பதும் இதனால்தான். கொதித்த நீரை வடித்துவிட்டால் கரையக்கூடிய ஆக்ஸலேட்டும் ஓரளவு நீங்கும். சிறுநீரகக் கல் உள்ளவர் இதை மறத்தலாகாது.

சில வீடுகளில் மரவள்ளியும் சேர்க்கின்றனர். 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மன்னர் பரவச் செய்த பயிர் இது. இதில் சயனைடை வெளிவிடும் பொருள் உண்டு. கசக்கும் வகைகளில் அது மிகுதி. சிறு துண்டுகளாக்கி, நிறைய நீரில், மூடாத பாத்திரத்தில் வேக வைத்து, அந்நீரைக் கொட்டிவிட வேண்டும். நீரைச் சுண்டவிடுவது ஆபத்தான சிக்கனம். கிழங்குகளில் மிகக் குறைவாக உள்ள புரதத்தை, உடன் சேரும் செந்நிறக் காராமணி ஈடு செய்கிறது. அதில் நூற்றுக்கு இருபது பங்குக்கு மேல் புரதம் உண்டு.

இவை அனைத்திலும் பெரும் உழைப்பைக் கோருவது கூவைமாவு. கூவை என்ற பெயரில் இரு செடிகள் வழங்குகின்றன. ஒன்று மஞ்சள் இனத்தைச் சார்ந்த நம் நாட்டுக் காட்டுச் செடி. மற்றது அமெரிக்க வெப்ப மண்டலத்திலிருந்து வந்த வெள்ளைக் கூவை. கிழங்கைத் தோல் சீவித் துருவி அரைத்து, நீரில் கரைத்துத் துணியால் வடித்து, தெளிய விடுவர். மாவு அடியில் படியும். மேல்நீரை இறுத்துவிட்டுப் புதுநீர் ஊற்றிக் கலக்குவர். காட்டுக் கூவையின் கசப்பும் நிறமும் நீங்கும்வரை இது பலமுறை தொடர்கிறது. பின்னர் வெயிலில் உலர்த்துவர். வெள்ளைக் கூவையில் நூறு பங்குக்குச் சுமார் இருபது பங்கு மாவுப்பொருள் உண்டெனினும், வீட்டில் கிடைப்பது அதனினும் குறைவே.

இத்துணைப் பாடுபட்டுப் பெறுவதால் விலையும் மிகுதி. மலிவான மரவள்ளி மாவை இதனுடன் கலக்க ஆசை பிறப்பது இயல்பு. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. உருப்பெருக்கிக் கருவியில் வைத்தால் வேறுபாடு புலனாகும்: மரவள்ளியின் துகள் ஒருபுறம் வெட்டுண்ட உருண்டை போலவும், காட்டுக் கூவையின் துகள் தட்டையாக நீண்டும் தோன்றும்.

கூவைமாவைக் கொதிநீரில் நேரே இடலாகாது. வெளிப்புறம் உடனே பசையாகி உட்புறம் உலர்ந்தே நின்று கட்டி விழும். குளிர்ந்த நீரில் முன்னரே கரைத்து, இளந்தீயில் கிளறினால் வெண்ணிறம் மறைந்து கண்ணாடி போலத் தெளியும். வெந்ததற்கு அதுவே அடையாளம். இக்கஞ்சி எளிதில் செரிப்பது. ஆனால் இது முற்றிலும் மாவுப்பொருளே ஆதலின், நீரிழிவு உள்ளவர் ‘அரிசி உண்ணவில்லையே’ என்று எண்ணி வெல்லமிட்டு மிகுதியாகப் பருகலாகாது. இன்சுலின் போன்ற மருந்து கொள்வோர், உணவைக் குறைத்து நோன்பிருக்கும் முன் மருத்துவரைக் கேட்டு மருந்தின் அளவை அறிந்துகொள்ள வேண்டும்.