கொக்கானும் கணக்கும்

நூறுவரை தடையின்றி ஒப்பிக்கும் நான்கு வயதுக் குழந்தையைக் கண்டு நாம் மகிழ்கிறோம். அதே குழந்தையின் முன் பத்துச் சிப்பிகளைப் பரப்பி, 'ஆறு எடுத்துத் தா' என்றால், சில வேளைகளில் அது கைக்கு அகப்பட்டதை அள்ளித் தந்துவிடும். எண்ணின் பெயர் நாவில் ஏறிவிட்டது. எண்ணோ இன்னும் உள்ளத்தில் குடிபுகவில்லை. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தைக் கடத்துவது விளையாட்டேயாகும்.

திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்த எங்கள் பகுதியில் சிறுமியர் கொக்கான் வெட்டுவதை நான் பலமுறை நின்று பார்த்திருக்கிறேன். ஐந்து கற்களுள் ஒன்றை மேலே எறிந்து பிடிப்பதற்குள், நிலத்திலுள்ள நான்கை முதலில் ஒவ்வொன்றாகவும், அடுத்து இரண்டிரண்டாகவும், பின்னர் மூன்றும் ஒன்றுமாகவும், இறுதியில் நான்கையும் ஒருசேரவும் எடுப்பர். நான்கு எவ்வெவ்வாறு பிரியும், எவ்வெவ்வாறு கூடும் என்பதை விரல்களே கற்றுக்கொள்கின்றன. அருகிலிருந்து பார்க்கும் தங்கையும் கற்கிறாள். கரும்பலகை இதைவிடத் தெளிவாகக் கூட்டலை விளக்குமோ?

கையே முதல் ஆசான் என்னும் இவ்வுண்மையை மேனாட்டு அறிஞரும் கண்டனர். ஜெர்மனியில் 1837இல் சிறுவர் நிலையம் தொடங்கிய புரோபல், மரத்தாலான பந்தையும் கனசதுரத்தையும் உருளையையும் குழந்தைகளிடம் கொடுத்தார். 1907இல் ரோமாபுரியில் குழந்தைகள் இல்லம் திறந்த மரியா மொண்டிசோரி அம்மையார், 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களைப் பயிற்றினார். அவரது முறையில் எண்கோல்கள் பத்து. மிகச் சிறியது 10 சென்ரிமீற்றர், மிக நீண்டது ஒரு மீற்றர். ஆறைவிட ஏழு பெரிது என்பதைக் கோலைத் தூக்கும்போதே குழந்தை உணர்கிறது.

ஆயினும், எனக்குத் தெரிந்த முன்பள்ளி ஆசிரியை ஒருவருக்கு ஒரு மனக்குறை உண்டு. குழந்தைகள் சிப்பிகளை இனம் பிரித்து அடுக்கிய நாளில், 'இன்று ஒன்றும் படிப்பிக்கவில்லையா?' என்று பெற்றோர் கேட்கின்றனராம். கொப்பியில் இலக்கங்கள் நிறைந்தாலன்றி அவர்கள் மனம் நிறைவதில்லை. எனவே விளையாட்டுப் பொருள்கள் அலுமாரிக்குள் பூட்டப்படுகின்றன. கணக்கென்றால் அஞ்சும் மாணவரைப் பின்னாளில் காணும் நாம், அவ்வச்சத்தின் வித்து எங்கே ஊன்றப்பட்டது என்று சிந்திக்க வேண்டாமா?

விலையுயர்ந்த பொம்மைகள் வேண்டுவதில்லை. கடற்கரையில் சிப்பி உண்டு. மிகச் சிறு குழந்தைகளுக்கு மட்டும் விழுங்க முடியாத பெரிய பொருள்களைக் கொடுத்தல் நன்று. வீட்டில் அனைவரும் தேநீர் அருந்த அமரும்போது, ஆளுக்கொரு கோப்பை வைக்கக் குழந்தையிடம் சொல்லுங்கள். 'இன்னும் ஒன்று வேண்டும்' என்று அது தானே கண்டு கூறுமாயின், அன்று அது கணக்குப் படித்துவிட்டது. கொப்பி வெறுமையாக இருந்தாலும் கவலையில்லை.