ஜின்னா மாளிகை: உரிமை யாருக்கு, காவல் யார்?

புது தில்லி: தலைநகரின் ஔரங்கசீப் சாலை, 2015-இல் டாக்டர் ஏ.பி.ஜே. அப்துல் கலாம் சாலை எனப் பெயர் மாற்றப்பட்டது. அச்சாலையின் 10-ஆம் எண் பங்களா ஒரு காலத்தில் முகமது அலி ஜின்னாவுக்குச் சொந்தமாக இருந்தது. 1947-இல் அவர் அதைத் தொழிலதிபர் ராமகிருஷ்ண டால்மியாவுக்கு விற்றார். பின்னர் அது நெதர்லாந்து தூதரின் இல்லமாயிற்று. விற்ற வீடு, வழக்கும் இல்லை, வம்பும் இல்லை.

மும்பை வீட்டை மட்டும் அவர் விற்கவில்லை.

மலபார் ஹில் பகுதியில், மகாராஷ்டிர முதல்வரின் அதிகாரபூர்வ இல்லமான 'வர்ஷா'வுக்கு அருகே, ஏறத்தாழ இரண்டரை ஏக்கர் நிலத்தில் நிற்கிறது அந்த மாளிகை. ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் கிளாட் பேட்லி வடிவமைக்க, 1936-இல் எழும்பியது. இத்தாலியச் சலவைக்கல்லும் வால்நட் மர வேலைப்பாடுமாக, பார்த்துப் பார்த்துக் கட்டிய வீடு.

ஆனால் அதன் மதிப்பு சலவைக்கல்லில் இல்லை. 1944 செப்டம்பர் 9 முதல் 27 வரை காந்தியடிகள் இந்த வீட்டுக்கு வந்துதான் ஜின்னாவுடன் பேசினார். பேச்சுக்கு அடிப்படையாக அமைந்தது ராஜாஜி வகுத்த திட்டம். முஸ்லிம்கள் பெரும்பான்மையாக உள்ள மாவட்டங்களில், போர் முடிந்த பிறகு மக்கள் வாக்கெடுப்பின் மூலம் பிரிவினையைத் தீர்மானிக்கலாம் என்பது அதன் சாரம். ஜின்னா அதை ஏற்கவில்லை. 1946 ஆகஸ்ட் 15-இல் நேருவும் இங்கு வந்தார். இடைக்கால அரசு பற்றிய அப்பேச்சும் முறிந்தது. மறுநாள் முஸ்லிம் லீகின் 'நேரடி நடவடிக்கை நாள்'. கல்கத்தா ரத்தத்தில் மிதந்தது. நாட்டைப் பிரிவினையிலிருந்து காக்க நடந்த கடைசி முயற்சிகளில் இரண்டு, இந்தக் கூரையின் கீழ் தோற்றன.

பிரிவினைக்குப் பின் வீட்டைக் கையகப்படுத்துமாறு நேருவுக்கு நெருக்கடி வந்தது. ஜின்னாவின் விருப்பத்தை அறிந்துவரும் பொறுப்பு, பாகிஸ்தானுக்கான முதல் இந்தியத் தூதர் ஸ்ரீபிரகாசாவிடம் ஒப்படைக்கப்பட்டது. 1952-இல் சென்னை மாகாண ஆளுநராக வந்தவர் இவரே. தம் மனத்தைப் புண்படுத்த வேண்டாம் என்றும், பம்பாய்க்கு என்றாவது திரும்பி வரும் எண்ணம் உண்டு என்றும் ஜின்னா உருக்கமாகக் கேட்டுக்கொண்டதாக அவர் பின்னாளில் எழுதினார். 1948 செப்டம்பரில் ஜின்னா மறைந்தார். மாளிகையில் பிரிட்டிஷ் துணைத் தூதரகம் 1980-களின் தொடக்கம் வரை இயங்கியது. அது காலி செய்தபின் வீடு பாழடைந்தது.

தனது துணைத் தூதரகத்துக்காகப் பாகிஸ்தான் அதைக் கேட்டு வந்தது, இந்தியா இணங்கவில்லை. 2007-இல் ஜின்னாவின் ஒரே மகள் தீனா வாடியா மும்பை உயர் நீதிமன்றத்தை அணுகினார். வீட்டை உயிலில் பெற்ற பாத்திமா ஜின்னா பாகிஸ்தான் சென்றுவிட்டதால் இது 'வெளியேறியோர் சொத்து' என்றது மத்திய அரசு. தீனா தரப்போ, தங்கள் கோஜா சமூக வழக்கப்படி வாரிசுரிமையில் இந்து முறையே பொருந்தும் என்று வாதிட்டது. இரு தேசக் கொள்கையை முழங்கியவரின் மகள், அவர் வீட்டுக்காக இந்து வாரிசுரிமையை நாட நேர்ந்தது! தீனா 2017 நவம்பரில் மறைந்தார்.

அதே ஆண்டு மார்ச்சில் நாடாளுமன்றம் எதிரி சொத்துச் சட்டத் திருத்தத்தை நிறைவேற்றியது. உடனே மகாராஷ்டிர பா.ஜ.க. எம்.எல்.ஏ. மங்கள் பிரபாத் லோதா, பிரிவினையின் சின்னமான மாளிகையை இடித்துவிட்டுப் பண்பாட்டு மையம் அமைக்கக் கோரினார். அவர் கட்டுமானத் தொழிலதிபரும் ஆவார். எதிரி சொத்து என்பது 1965 போரைத் தொடர்ந்து வந்த 1968-ஆம் ஆண்டுச் சட்டத்தின் விஷயம். வெளியேறியோர் சொத்து அதற்கும் முந்தைய, வேறு சங்கதி. கோரிக்கையின் வேகத்தில் இந்த வேறுபாடு யாருக்கும் உறைக்கவில்லை.

பிடிக்காத மனிதரின் வீட்டை ஏன் காக்க வேண்டும் என்று கேட்போர் உண்டு. பிடித்தமானவரின் வீட்டுக்கு நேர்ந்ததையும் அவர்கள் பார்க்க வேண்டும். அணு விஞ்ஞானி ஹோமி பாபாவின் 'மெஹ்ராங்கீர்' பங்களாவும் இதே மலபார் ஹில்லில்தான் இருந்தது. 2014-இல் அது ரூ.372 கோடிக்கு ஏலம் போனது. நினைவகமாக்க வேண்டுமென்று விஞ்ஞானிகள் மன்றாடினர். அணுசக்தித் துறை ஊழியர்கள் நீதிமன்றம் வரை சென்றனர். 2016-இல் வீடு தரைமட்டமானது. நாடே போற்றியவரின் வீடு போய்விட்டது. ஜின்னாவின் வீடு நிற்பதற்கு, அது அரசின் பிடியிலும் வழக்கின் சிக்கலிலும் அகப்பட்டதே பெருங்காரணம்.

2018 டிசம்பரில் வெளியுறவு அமைச்சர் சுஷ்மா ஸ்வராஜ் லோதாவுக்கு எழுதிய கடிதத்தில், தில்லியின் ஹைதராபாத் இல்லத்தைப் போல இதைப் புதுப்பித்துப் பயன்படுத்தத் திட்டமிருப்பதாகத் தெரிவித்தார். பாகிஸ்தான் ஆட்சேபித்தது. இடிப்புக் கோரிக்கையைவிட இது எவ்வளவோ மேல். ஆயினும் அமைச்சகத்தின் விருந்தினர் மாளிகை வேறு, மக்கள் உள்ளே சென்று காணும் வரலாற்றுச் சின்னம் வேறு. அத்தகைய சின்னமாக மத்திய அரசு அறிவிப்பதற்கும் சட்டம் ஒரு வரம்பு வைத்திருக்கிறது. 1958-ஆம் ஆண்டுத் தொல்லியல் சின்னங்கள் சட்டப்படி, கட்டடத்துக்கு நூறு வயதாவது ஆகியிருக்க வேண்டும். ஜின்னா மாளிகைக்கு அது 2036-இல்தான் நிறைவடையும்.